டிஎஸ்எம்-5-டிஆரும் ஐசிடி-11 கையேடும்: புறநோயாளர் அறையிலிருந்து ஒரு மதிப்பீடு

கடந்த இரண்டு ஆண்டுகளாக இரண்டு நோயறிதல் கையேடுகளை ஒரே மேசையில் வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022 மார்ச்சில் வெளியிட்ட டிஎஸ்எம்-5-டிஆர். மற்றொன்று, ஐசிடி-11 எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மனநல அத்தியாயத்துக்காக உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட மருத்துவ விளக்கக் கையேடு. பட்டமேற்படிப்பில் புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே "ரெண்டுல எதை சார் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இடைவேளையில் சொல்லும் அரைநிமிடப் பதில் எனக்கே போதாததாகத் தோன்றியதால் இதை விரிவாக எழுதுகிறேன். நம் ஊர்ப் புறநோயாளர் பிரிவில் அன்றாடம் புரட்டுவதற்கு ஐசிடி-11 கையேடே சிறந்தது என்பது என் முடிவு. ஆனால் டிஎஸ்எம் அதை வெல்லும் இடங்களும் உண்டு, அவை சிறியவை அல்ல.

மற்ற துறை மருத்துவர்களுக்கு இந்தக் கவலை இந்த அளவுக்கு இருக்காது. சர்க்கரை நோயா என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எலும்பு முறிந்ததா என்று எக்ஸ்ரே காட்டிவிடும். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவுக்கோ மனச்சோர்வுக்கோ அப்படியொரு பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளியும் உறவினரும் சொல்வது, நாம் கண்ணால் காண்பது, எத்தனை நாளாக என்ற கணக்கு ஆகியவற்றைக் கொண்டே பெயர் வைக்கிறோம். அந்தப் பெயர் சீட்டில் ஏறியபின் வேலைக்கும் திருமணப் பேச்சுக்கும் காப்பீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்த மனிதருடனேயே போகிறது. ஆகவே எந்தக் கையேட்டின் சொல்லை எழுதுகிறோம் என்பது புத்தகப் புழுக்களின் விவகாரம் அல்ல.

இரண்டு நூல்களின் குணமும் அவை பிறந்த காரணத்திலிருந்து வருகிறது. ஐசிடி உலக நாடுகள் இறப்பையும் நோயையும் எண்ணிப் பதிவதற்காக உருவானது. மனநோய்களுக்கான தனிப் பகுதி அதில் 1948இல் வந்த ஆறாவது திருத்தத்தில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. டிஎஸ்எம் 1952இல் தொடங்கியது என்றாலும், இன்று நாம் அறியும் வடிவம் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வெளியான மூன்றாம் பதிப்பில்தான் அமைந்தது. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு நோய்களைச் சொன்ன காலம் அது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, இத்தனை அறிகுறிகளில் இத்தனை, இத்தனை நாட்களுக்கு என்று எண்ணிப் பார்க்கும் அளவுகோல்களை அந்தப் பதிப்பு கொண்டுவந்தது. ஆராய்ச்சிக்கு அது பெரும் வரம். நோயாளியின் வாழ்க்கையைக் கேட்பதற்கு முன்பே விரல்விட்டு எண்ணத் தொடங்கும் மாணவர்களை உருவாக்கியதும் அதே முறைதான்.

விலையில் போட்டியே இல்லை. டிஎஸ்எம்-5-டிஆர் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய கனத்த புத்தகம். உதவித்தொகையில் வாழும் மாணவருக்குச் சுமையான விலை. ஐசிடி-11 கையேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் தளத்திலிருந்து எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். வணிக நோக்கமின்றிப் பகிரவும் உரிமம் அனுமதிக்கிறது. என் பிரதி கணினியில் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை மட்டும் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்திருக்கிறேன். அச்சுப் புத்தகமாகப் பார்த்தால் டிஎஸ்எம்மின் அமைப்பு நேர்த்தியானது. அளவுகோல்கள் தனியாகத் தெரியும்படி அச்சிடப்பட்டிருப்பதால், நோயாளி எதிரில் அமர்ந்திருக்கும்போதே தேவையான வரியைக் கண் கண்டுபிடித்துவிடும். ஐசிடியில் பத்தி பத்தியாக வாசித்தாக வேண்டும். அவசரத்தில் அது சிரமம்தான்.

அந்தப் பத்திகளில்தான் அதன் பலமும் இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் இன்றியமையாத கூறுகள், கூடுதல் அம்சங்கள், இயல்புநிலையுடனான எல்லை, நோயின் போக்கு, வயதுக்கேற்ப மாறும் தோற்றம், பண்பாடு சார்ந்த கூறுகள், பால் சார்ந்த கூறுகள், பிற நோய்களுடனான எல்லை என்று ஒரே வரிசையில் அது எழுதிச் செல்கிறது. எண்களை முடிந்தவரை தவிர்க்கிறது. அளவுமீறிய உற்சாகம் தெரியும் மிதமான மனஎழுச்சி நிலைக்கு டிஎஸ்எம் தொடர்ந்து குறைந்தது நான்கு நாட்கள் என்று கேட்கும். ஐசிடியோ குறைந்தது பல நாட்கள் என்று மட்டும் சொல்லி முடிவை மருத்துவரிடம் விட்டுவிடும். மூன்றரை நாளில் இல்லாத நோய் நான்காம் நாள் வந்துவிடுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அணுகுமுறை நேர்மையானதாகப் படும். மனச்சோர்வுக்கு மட்டும் ஐசிடியும் எண்ணைக் கைவிடவில்லை. டிஎஸ்எம் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து கேட்கிறது. ஐசிடி-11 எதிர்காலம் குறித்த நம்பிக்கையின்மையைப் பத்தாவதாகச் சேர்த்து, பத்தில் ஐந்து கேட்கிறது. "இனிமே என்னங்க இருக்கு?" என்ற ஒரு வாக்கியத்தில் தன் நோய் முழுவதையும் சொல்லிவிடும் நோயாளிகளைப் பார்த்த எவருக்கும் அந்தப் பத்தாவது அறிகுறி ஏன் சேர்ந்தது என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டு கையேடுகளும் கண்ணெதிரே பிரிந்து நிற்பதை ஒரு சீட்டில் கண்டேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பாலிடெக்னிக் முடித்த இருபத்திரண்டு வயது இளைஞர். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகவும், தன் எண்ணங்களை யாரோ வெளியிலிருந்து செலுத்துவதாகவும் பத்து வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் மெல்ல மெல்ல வந்து நிலைத்தது. ஐசிடி-11இன்படி ஒரு மாதம் கடந்துவிட்டதால் இது மனச்சிதைவு. டிஎஸ்எம் அந்தப் பெயரை வைக்க, நோயின் தடயங்கள் மொத்தம் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அதுவரை மனச்சிதைவை ஒத்த கோளாறு என்ற தற்காலிகப் பெயரே போதும் என்கிறது. மாத்திரை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் வெளியே அமர்ந்திருந்த தாயார் சீட்டை வாங்கிக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்கீங்க சார்? பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றபோது, நான்கு மாதக் காத்திருப்பின் மதிப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது. டிஎஸ்எம்மின் ஆறு மாத விதி பெயரைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் சிலருக்குக் குணமாகிவிடுகிறது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. இந்த ஓரிடத்தில் என் மனம் டிஎஸ்எம் பக்கமே சாய்கிறது.

திடீரென வெடிக்கும் மனநோயில் நிலைமை நேர்மாறு. நேற்றுவரை வயல் வேலைக்குப் போய்வந்த பெண் மூன்று நாட்களில் முற்றிலும் நிலைகுலைந்து, காலையில் அழுது, மதியம் தெய்வமாகப் பேசி, மாலையில் அஞ்சி ஒடுங்கி, ஆறு வாரத்தில் தழும்பின்றித் தேறிவிடுவதை நம் ஊரில் பணியாற்றும் எந்த மனநல மருத்துவரும் பார்த்திருப்பார். முன்னறிகுறி இல்லாமல் இரண்டு வாரத்துக்குள் உச்சத்தை எட்டி, நாளுக்கு நாள் உருமாறி, மூன்று மாதத்துக்குள் அடங்கும் இந்த நோய்க்கு ஐசிடி-11 குறுங்காலத் தீவிர மனநோய் என்று தனி இடம் தந்திருக்கிறது. டிஎஸ்எம்மின் குறுகிய மனநோய் ஒரு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஆறு வாரம் எடுத்துக்கொண்ட அந்தப் பெண்ணை அது மனச்சிதைவை ஒத்த கோளாற்றின் வரிசையில் நிறுத்திவிடும். அவருடைய நோய் மனச்சிதைவை ஒத்தது அல்ல என்பதே என் அனுபவம்.

துக்கத்தைப் பற்றி இரண்டும் சொல்வதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். நீடித்த துயரக் கோளாறு என்ற புதிய நோயை இரண்டும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஐசிடி-11 இறப்புக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் என்கிறது; டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் அந்த ஆண்டு தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, தலைத்திவசம் முடியும்வரை வீடு துக்க வீடுதான். கணவரை இழந்து எட்டு மாதமான ஒரு பெண், அவர் சாய்வு நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு அதில் எவரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வது நோயா, மரியாதையா? எண்ணை மட்டும் பார்த்தால் அமெரிக்கக் கையேட்டின் பன்னிரண்டு மாதம்தான் நம் மரபுக்கு ஒத்துவருகிறது. ஆனால் ஐசிடி-11 ஆறு மாதம் என்பதோடு நிறுத்தவில்லை. அந்த மனிதரின் சமூகமும் சமயமும் எதிர்பார்க்கும் துக்கக் காலத்தையும் தெளிவாக மீறியிருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. தலைத்திவசம் கழியாத பெண்ணை அந்த ஒரு நிபந்தனையே காப்பாற்றிவிடும். டிஎஸ்எம்மிலும் பண்பாட்டு நிபந்தனை உண்டு. இரண்டிலும் அதைக் கடைசியில் வாசிக்கும் பழக்கம் மாணவர்களுக்கு இருப்பதுதான் என் வருத்தம்.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5, மனச்சோர்வைத் தீர்மானிக்கும்போது அண்மைய இழப்பைக் கணக்கில் எடுத்து விலக்களிக்கும் பழைய விதியை நீக்கிவிட்டு, முடிவை ஒரு குறிப்பில் மருத்துவரின் விவேகத்துக்கு விட்டது. ஐசிடி-11 துக்கத்தில் இருப்பவருக்கு மனச்சோர்வு என்று எழுத வேண்டுமானால் இழப்புக்குப் பின் ஒரு மாதமோ அதற்கு மேலோ அறிகுறிகள் தொடர வேண்டும் என்கிறது. தான் எதற்கும் உதவாதவர் என்ற தீவிர எண்ணம், தற்கொலை எண்ணம், உடலும் மனமும் மந்தமாதல் போன்று சாதாரண துக்கத்தில் காணப்படாதவற்றையும் தேடச் சொல்கிறது. இயல்புநிலையுடனான எல்லை என்ற தலைப்பின் கீழ் இப்படிப்பட்ட வரிகள் ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. இலவசம் என்பதையும் தாண்டி இந்த நூலை நான் பரிந்துரைக்கக் காரணம் இந்தப் பகுதிதான். எது நோய் அல்ல என்று தலைப்பிட்டுச் சொல்லும் கையேடு, தேர்வுக்கு முதல்நாள் பதற்றப்படும் பையனுக்கும் மகள் வெளியூர் போனதால் தூக்கம் வராத தாய்க்கும் மாத்திரை எழுதாமல் அனுப்பும் துணிவை இளம் மருத்துவருக்குத் தருகிறது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலில் டிஎஸ்எம்மின் எண்ணும் முறை தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்றே சொல்வேன். நான்கு தொகுதிகளில் இருபது அறிகுறிகள். அவற்றிலிருந்து 6,36,120 வெவ்வேறு சேர்க்கைகளில் ஒருவருக்கு அந்த நோய் வரலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐசிடி-11 மூன்றே கூறுகளில் நிற்கிறது. நடந்தது இப்போதே நடப்பதுபோல் மீண்டும் அனுபவிப்பது, அதை நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் சூழ்ந்திருப்பதாக உணர்வது. இதற்கு மேலாக, நீண்டகாலக் கொடுமைக்கு ஆளானவர்களிடம் உணர்ச்சியை அடக்க முடியாமை, தன்னைத் தாழ்த்தி எண்ணுதல், உறவில் நெருங்க முடியாமை ஆகியவை சேரும்போது அதற்குச் சிக்கலான வடிவம் என்று தனி நோய்ப்பெயரும் தருகிறது. டிஎஸ்எம்மில் அந்தப் பெயர் இல்லை. ஆண்டுக்கணக்கில் வீட்டு வன்முறையில் வாழ்ந்தவர்களையும் இலங்கைப் போரைக் கடந்து வந்தவர்களையும் பார்க்கும் எவருக்கும் ஒரு விபத்தின் அதிர்ச்சியும் பத்தாண்டு அச்சமும் ஒன்றல்ல என்பது தெரியும்.

ஆளுமைக் கோளாறுகளில் ஐசிடி-11 எடுத்த துணிவை மதிக்கிறேன். அதன் விளைவோடு இன்னும் மல்லுக்கட்டுகிறேன். பழைய வகைகளை எல்லாம் நீக்கிவிட்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்ற மூன்று நிலைகளையும் ஐந்து பண்புக் களங்களையும் அது வைத்திருக்கிறது. உணர்ச்சியும் உறவும் நிலையின்றித் தடுமாறும் எல்லைநிலை ஆளுமைக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பை அனுமதிக்கிறது. டிஎஸ்எம் பத்து வகைகளையும் முதன்மைப் பகுதியில் அப்படியே காத்துக்கொண்டு, தீவிரத்தையும் பண்புகளையும் அளக்கும் மாற்று மாதிரியைப் பின்பகுதிக்கு ஒதுக்கிவிட்டது. புதிய முறையே அறிவியலுக்கு நெருக்கமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முப்பது நிமிடத்தில் பதினைந்து பேரைப் பார்க்கும் நாளில், ஒருவரது ஆளுமையின் தீவிரத்தை அளந்து, ஐந்து களங்களிலும் இடம் குறித்து எழுத எவருக்கும் நேரம் இருப்பதில்லை. என் பிரிவில் பெரும்பாலும் தீவிர நிலையோடு நின்றுவிடுகிறோம்.

போதைப் பழக்கத்தில் டிஎஸ்எம் பதினொரு அளவுகோல்களில் இரண்டு இருந்தாலே லேசான கோளாறு என்கிறது. ஐசிடி-11 தீங்கு தரும் பயன்பாட்டையும், கட்டுப்படுத்த முடியாத சார்புநிலையையும் பிரித்தே வைத்திருக்கிறது. டாஸ்மாக் வரிசையில் நிற்பவர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதால் இந்தப் பிரிவினை எனக்கு உதவுகிறது. இணைய விளையாட்டு அடிமைநிலையை ஐசிடி-11 முழு நோயாக ஏற்றுவிட்டது. டிஎஸ்எம் மேலும் ஆய்வு தேவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலும் தான் உணரும் பாலினமும் பொருந்தாத பாலின முரண்பாட்டை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்து, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாற்றியிருக்கிறது ஐசிடி-11. ஒரு திருநங்கையோ திருநம்பியோ மருத்துவ உதவி கேட்டு வரும்போது அவர் அடையாளத்தை நோய் என்று எழுத வேண்டிய கட்டாயம் இனி இல்லை. டிஎஸ்எம்மில் அந்த முரண்பாடு தரும் உளைச்சல் இன்னும் கையேட்டுக்குள்தான் இருக்கிறது.

அறிவுசார் வளர்ச்சிக் கோளாற்றுக்கு ஐசிடி-11 தந்திருக்கும் நடத்தை அட்டவணைகள் பெரிதாகப் பேசப்படவில்லை. உளவியல் நிபுணரும் தரப்படுத்தப்பட்ட சோதனைக் கருவியும் இல்லாத ஊரில், அந்த வயதுக் குழந்தை பேச்சிலும் பழகுவதிலும் அன்றாடக் காரியங்களிலும் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பெற்றோரிடம் கேட்டே தீவிரத்தை மதிப்பிட அவை வழிகாட்டுகின்றன. சட்டையின் பொத்தானைப் போடுகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறானா என்று கேட்டால் ஒரு பாட்டியால் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும்.

பண்பாடு என்று வரும்போது டிஎஸ்எம்மின் ஒரு பகுதியை நான் கைவிடவே மாட்டேன். பதினாறு கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் அது. உங்கள் கஷ்டத்தை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், இதுவரை எங்கெல்லாம் உதவி தேடினீர்கள் என்று அது கேட்கச் சொல்கிறது. இதைத் தமிழில் கேட்டுப் பழகிய பிறகுதான், கோயிலில் தங்கியதையும் மந்திரித்துக் கயிறு கட்டியதையும் நோயாளிகள் மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்கள். விந்து வெளியேறுவதால் உடல் நலிகிறது என்று அஞ்சி வரும் இளைஞர்களின் துயரத்தையும் டிஎஸ்எம் தன் பண்பாட்டுச் சொற்பட்டியலில் விளக்கியிருக்கிறது. ஐசிடி-11 பண்பாட்டுக் குறிப்புகளை நோய்தோறும் பிரித்து வைத்திருக்கிறது. அவை பயனுள்ளவை, ஆனால் நேர்காணலுக்கு ஈடாகாது.

நம்பகத்தன்மை குறித்த எண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். இரு மருத்துவர்கள் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கப்பா என்ற அளவு காட்டுகிறது. ஒன்று என்றால் முழு உடன்பாடு. டிஎஸ்எம்-5இன் களச் சோதனையில் பெரும் மனச்சோர்வுக்கு 0.28, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலுக்கு 0.67 கிடைத்தது. ஐசிடி-11, இந்தியா உட்பட 13 நாடுகளின் 28 மையங்களில் 1,806 நோயாளிகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது. மிகக் குறைந்த மதிப்பே 0.45, உச்சம் 0.88. இதை மட்டும் காட்டி ஐசிடி வென்றுவிட்டது என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். டிஎஸ்எம் சோதனையில் இரு மருத்துவர்களும் தனித்தனி நேரங்களில் நோயாளியைப் பேட்டி கண்டார்கள். ஐசிடி சோதனையில் இருவரும் ஒரே பேட்டியில் அமர்ந்திருந்தார்கள். ஒரே பதிலை இருவரும் கேட்டால் உடன்பாடு கூடத்தான் செய்யும். பல மொழிகளில், நெரிசலான மருத்துவமனைகளில், அன்றாட மருத்துவர்களைக் கொண்டே சோதித்ததற்காக ஐசிடிக்கு என் மதிப்பு உண்டு. இந்த எண்களுக்காக அல்ல.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அதன் 3ஆம் பிரிவில், மனநோயைத் தீர்மானிக்க ஏற்கத்தக்க அளவுகோல்களில் ஐசிடியின் அண்மைப் பதிப்பை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; டிஎஸ்எம்மின் பெயர் அங்கில்லை. சான்றிதழோ நீதிமன்ற அறிக்கையோ எழுதுபவர் ஐசிடியில் காலூன்றி நிற்பதே பாதுகாப்பு. எங்கள் பதிவேட்டில் மனச்சிதைவு இன்னும் முந்தைய பதிப்பான ஐசிடி-10இன் எஃப்20 என்ற குறியீட்டில்தான் ஏறுகிறது. புதிய 6ஏ20க்கு மென்பொருள் மாறும்வரை இரண்டையும் எழுதி வைக்கிறோம்.

ஆகவே மாணவர்களுக்கு: ஐசிடி-11 கையேட்டை இன்றே பதிவிறக்குங்கள். டிஎஸ்எம்மைத் துறை நூலகத்தில் வாசியுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர், வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிப்பவர் மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். அச்செடுப்பவர்கள் மனச்சிதைவு, மனநிலை, அதிர்ச்சி ஆகிய மூன்று தொகுதிகளை முதலில் எடுங்கள். இயல்புநிலையுடனான எல்லை என்ற தலைப்பு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வண்ணத் தாளை ஒட்டி வையுங்கள். நோயாளி உள்ளே வருவதற்கு முன் திறக்க வேண்டிய பக்கம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.